பேக் தூக்குகிறவனுக்கு மட்டும் ஒரு சட்டமா?

தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நடத்தும் அமைப்பினருக்கும், அவற்றுக்கு மைதானம் தரும் சென்னை கிளப்களின் கமிட்டி உறுப்பினர்களுக்கும்,

கோல்ஃப் ஆடுகிறவர்களின் பேக்கைத் தூக்கிக்கொண்டு கூட நடக்கும் கேடிகள் நாங்கள். எங்கள் கேடி ஷெட் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. போட்டி நாட்களில் கேடிகள் கைபேசியோடு மைதானத்துக்குள் வரக் கூடாது, பந்தயக்காரர்களோடு பேசுவது தெரிந்தால் அப்போதே வெளியேற்றப்படுவார்கள் என்று அதில் இருக்கிறது. அடியில் யார் கையெழுத்தும் இல்லை, முத்திரை மட்டும். அந்தத் தாள் ஒட்டப்படுவதற்கு மூன்று நாள் முன்னால் என் அக்கா மகனிடம் கேட் பாஸை வாங்கிக்கொண்டு, "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லி அனுப்பினார்கள். விசாரணை கிடையாது. எழுத்தில் எதுவும் கிடையாது. பத்தொன்பது வயதில் பேக் தூக்க வந்தவன், இப்போது இருபத்து நாலு.

எந்தக் கிளப் என்று இங்கே எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும். மற்ற கமிட்டிகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இது ஒரு கிளப்போடு நிற்கிற விஷயம் இல்லை.

அவன் தப்பே செய்யவில்லை என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை. செய்தான். பின்பக்க கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஒருவன் அவனுக்குப் பழக்கமானான். நாங்களும் அந்த ஆளைப் பார்த்திருக்கிறோம். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு கைபேசி, எல்லோருக்கும் டீ வாங்கித் தருவான். போட்டிக்கு முந்தின பயிற்சிச் சுற்று முடிந்து வந்த மத்தியானம், "உன் ஆளுக்குக் கை எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறான். இவன், "இடது மணிக்கட்டில் டேப் சுற்றியிருக்கிறார், பங்கர் மணலில் அடிக்கும்போது முகம் சுளிக்கிறார்" என்று சொல்லிவிட்டான். சாயங்காலம் அவன் கணக்குக்கு 3,000 ரூபாய் வந்தது. அந்த மணிக்கட்டை நம்பி எங்கேயோ யாரோ பந்தயம் கட்டினார்கள். ஆனால் அந்த வீரர் முதல் நாளே நன்றாக ஆடிவிட்டார். பணம் போனவர்கள் கேட்டுக்கு வெளியே வந்து சத்தம் போட்டார்கள். அப்படித்தான் விஷயம் கமிட்டிக்குப் போனது.

வீரரின் உடம்பைப் பற்றி வெளியே பேசுவது நம்பிக்கைத் துரோகம். இருபத்திரண்டு வருடமாகப் பேக் தூக்குகிறேன், இதை நான் அவனுக்கே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு வீரர் எந்தக் குழியில் பயப்படுகிறார், இரவு தூங்கினாரா, குழிக்குள் பந்தை உருட்டும் மட்டையான பட்டரை ஏன் மாற்றினார், வீட்டிலிருந்து என்ன செய்தி வந்தது என்று அவர் மனைவிக்குக்கூடத் தெரியாதது கேடிக்குத் தெரியும். அதை அவன் விற்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் அதே போட்டிக்கு முந்தின இரவு கிளப்புக்குள்ளே நடந்ததையும் நான் சொல்லியாக வேண்டும்.

மெம்பர்கள் மாடியில் ஏலம் போட்டார்கள். 'கல்கத்தா' என்று அதற்குப் பெயர். கோல்ஃபில் ரொம்பப் பழைய வழக்கம், வெள்ளைக்காரர் காலத்துக் கல்கத்தாவின் குதிரைப் பந்தயக்காரர்களிடமிருந்து வந்தது என்பார்கள். ஆட வரும் வீரர்களின் பெயரை ஒவ்வொன்றாக ஏலம் விடுவார்கள். யார் அதிகம் கேட்கிறாரோ அந்த வீரர் அவருக்குச் சொந்தம். சேர்ந்த பணம் முழுவதும் ஒரு பொதுக் குவியல். கடைசியில் ஜெயித்த வீரரை எடுத்தவருக்கு அதில் பெரிய பங்கு, இரண்டாவது, மூன்றாவது இடத்துக்குச் சின்னப் பங்கு.

அன்றைக்கு வெள்ளைப் பலகையில் பெயர்களை எழுதி எழுதி அழிக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஏசி அறை, ஓரமாக நின்றேன். ஒரு பெயர் வந்ததும் முன்வரிசையில் இருந்த ஒருவர் என் பக்கம் திரும்பி, "நீதான் நாலு நாளாகப் பார்க்கிறாயே, எப்படி அடிக்கிறான்?" என்று கேட்டார். நான் சொன்னேன். டிரைவர் மட்டையில் அடிக்கும் நீள அடி நேராகப் போகிறது, குழி இருக்கும் கிரீனில் பந்தை உருட்டும் குட்டை பட்டெல்லாம் வலப்பக்கம் தப்புகிறது என்று. அடுத்த பெயருக்கும் கேட்டார்கள், அதற்கும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல ஏலத் தொகை ஏறியது, இறங்கியது. ஏலம் முடிந்ததும் என் சட்டைப் பையில் ஒரு 500 ரூபாய் நோட்டை வைத்து, "நல்ல உதவி" என்றார்கள்.

அந்த நோட்டை நான் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. அக்கா மகனை வெளியே அனுப்பிய பிறகுதான் உறைத்தது. கேட்டுக்கு வெளியே அவன் சொன்னதும் மாடியில் நான் சொன்னதும் ஒரே சங்கதி. ஒரு வீரரைப் பற்றி உள்ளே இருந்து தெரிந்துகொண்டதைப் பந்தயம் கட்டுகிறவரிடம் சொன்னோம், காசு வாங்கினோம். அவனுக்குப் பிழைப்பு போனது. எனக்குப் பாராட்டு கிடைத்தது. என்னிடம் கேட்டவர்களில் இரண்டு பேர் கமிட்டியில் இருக்கிறார்கள்.

நண்பர்கள் நாலு பேர் ஆடும்போது முதல் ஒன்பது குழிக்கு நூறு, பின் ஒன்பதுக்கு நூறு, மொத்தத்துக்கு நூறு என்று கட்டிக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. அது ஆடுகிறவர்களின் சொந்தக் காசு, ஆட்டத்தோடு முடிந்துவிடும். அந்த மாதிரிச் சின்னப் பந்தயத்தைக் கோல்ஃபின் விதிகளை வகுப்பவர்களே பெரிதுபடுத்துவதில்லை. ஆடாதவர்கள், ஆடுகிறவன் தலையில் பெரிய பணம் கட்டுவது வேறு. 1955-ல் நியூயார்க் பக்கத்தில் டீப்டேல் என்ற கிளப்பில் இதே கல்கத்தா ஏலத்தோடு ஒரு போட்டி நடந்தது. பொய்ப் பெயரில், பொய் ஹேண்டிகேப் (திறமை குறைந்தவருக்குத் தரும் சலுகை அடிகள்) காட்டி இரண்டு பேர் ஆடி ஜெயித்தார்கள். ஹேண்டிகேப் 3 ஆக இருந்தவர்கள் 17, 18 என்று காட்டியிருந்தார்கள். பெரிய அவமானமானது. அதன் பிறகுதான் அமெரிக்க கோல்ஃப் சங்கம் இந்த ஏலங்களை வெளிப்படையாகக் கண்டித்தது. எழுபது வருடம் முன்னால் அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் இன்னும் மாடியில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கேடியிடம் ஏன் வந்து கேட்கிறார்கள் என்பதையும் சொல்கிறேன். இந்த ஆட்டம் அப்படி. நாலு நாள், 72 குழி, நூறு பேருக்கு மேல் ஆடுகிறார்கள். யார் ஜெயிப்பார் என்று மட்டும் பந்தயம் கட்டுவதில்லை. முதல் பத்துக்குள் வருவாரா, இரண்டு நாளுக்குப் பிறகு மீதி ஆட்டத்துக்குத் தேர்வாகும் 'கட்' தாண்டுவாரா, இந்த இருவரில் இன்று குறைவான அடியில் முடித்து யார் முந்துவார் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பந்தயம். பட்டியலின் அடியில் இருக்கும் இரண்டு வீரர்களை யாரும் டிவியில் பார்ப்பதில்லை, அவர்கள் பின்னால் கூட்டமும் நடப்பதில்லை. ஆனால் அவர்கள் மேலும் பந்தயம் உண்டு. அங்கே ஒரு சின்னத் தகவல் போதும்.

நம் ஊர்க் காற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் காலையில் காற்றே இருக்காது. மத்தியானம் கடல்காற்று உள்ளே வந்ததும், காலையில் 7 அயர்ன் மட்டையில் அடித்த அதே இடத்தில் அதைவிடத் தூரம் போகும் 5 அயர்ன் கேட்கும். காலையில் ஆடுகிறவருக்கு ஒரு மைதானம், மத்தியானம் ஆடுகிறவருக்கு வேறு மைதானம். இன்றைக்குக் காற்று எத்தனை மணிக்கு வரும் என்று உள்ளூர்க் கேடி மரத்து உச்சியைப் பார்த்தே சொல்லுவான். எங்கள் தாத்தா காலத்திலிருந்து வந்த அறிவு இது. இதற்கும் இப்போது விலை கேட்கிறார்கள்.

வீரர்களின் நிலைமையும் உங்களுக்குத் தெரியாதது இல்லை. இரண்டு நாள் முடிந்து கட் தாண்டாவிட்டால் பரிசுப் பணம் ஒரு ரூபாய் கிடையாது. ரயில், விடுதி, சாப்பாடு, கேடி கூலி எல்லாம் அவர் கைக்காசு. வாராவாரம் ஊர் ஊராகப் போய்க் கடனோடு திரும்பும் பையன்களுக்கு நான் பேக் தூக்கியிருக்கிறேன். பதினேழாவது குழியில் வேண்டுமென்றே ஒரே ஒரு அடி அதிகமாக அடித்தால் போதும் என்று ஒருவன் வந்து காதில் சொன்னால், அவர்களைக் காப்பாற்ற உங்களிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது? மற்ற நாடுகளில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. 2023 ஆகஸ்டில் சிகாகோ பக்கத்தில் நடந்த போட்டியில் மேக்ஸ் ஹோமா என்ற வீரர் பட் அடிக்கக் கையை எடுத்த நேரத்தில், பந்தயம் கட்டிய ஒருவர் ஓரத்தில் இருந்து கத்தினார். பந்தயம் வெறும் 3 டாலர்.

என் அக்கா மகன் அந்த டீக்கடை ஆளிடம் ஏன் மாட்டினான் என்று கமிட்டி கேட்கவில்லை. நான் கேட்டேன். அவனுக்கு ஏற்கெனவே அந்த ஆளிடம் 72,000 ரூபாய் கடன்.

முதலில் கிரிக்கெட்டில் தொடங்கியிருக்கிறான். அதில் பணம் போனதும், "கோல்ஃப் நமக்குத் தெரிஞ்ச ஆட்டம் மாமா, இதுல விட்டதைப் பிடிச்சிடலாம்னு நினைச்சேன்" என்றான். அமெரிக்காவில் நடக்கும் போட்டிகள் நமக்கு நடுராத்திரி. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவன் மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஆட்டம்கூட இல்லை, வெறும் பெயர்களும் எண்களும் மாறிக்கொண்டிருந்தன. ஒரு எண் சிவப்பாக மாறும்போதெல்லாம் கட்டை விரலால் திரையைக் கீழே இழுத்து இழுத்து விட்டான். கூப்பிட்டேன், காதில் விழவில்லை. மூன்று மணி நேரம் கழித்து ஐந்து மணிக்கு அதே கண்ணோடு என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து மைதானத்துக்கு வந்தான்.

ஆட்டம் தெரிந்தால் பந்தயத்தில் ஜெயிக்கலாம் என்ற நினைப்புதான் அவனைக் கெடுத்தது. டைகர் உட்ஸ் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் 82 பட்டம் வென்றவர். அவரே ஆடிய போட்டிகளில் கால்வாசிகூட ஜெயித்ததில்லை. அவருக்கே அந்தக் கதி என்றால், யார் ஜெயிப்பார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இதை அவனுக்கு உட்கார வைத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. நானும் சொல்லவில்லை, அது என் தப்பு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1888-ல் வந்த சென்னை நகரக் காவல் சட்டத்திலேயே பந்தயம் கட்டுவதும் சூதாட்டத்தில் சேரும். நம் மாநிலத்தில் 2022-ல் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்து சட்டம் இயற்றி, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்துவிட்டது. நடத்துகிறவனுக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவனுக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை, அவன் பாதிக்கப்பட்டவன் என்றுதான் பார்க்கிறது. உங்கள் தாள் அதற்கு நேர் எதிராக இருக்கிறது. மாட்டிக்கொண்டவனைத் துரத்திவிட்டு, மாட்டிவிட்டவனை டீக்கடையிலேயே விட்டு வைத்திருக்கிறீர்கள். ஆப்கள் மூடிவிட்டன, ஆனால் 'ஐடி' கொடுக்கிற ஆட்கள் மூடவில்லை. பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, வெளிநாட்டுத் தளம் ஒன்றுக்கு ஒரு பெயரும் கடவுச்சொல்லும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அவ்வளவுதான்.

உலகத்தில் மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவின் பிஜிஏ டூர் 2018 ஜனவரி 1 முதல் ஒரு நேர்மை விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீரர், கேடி, டூர் ஊழியர் யாரும் தொழில்முறை கோல்ஃபில் பந்தயம் கட்டக் கூடாது, உள்தகவலைக் கொடுக்கக் கூடாது. 2023-ல் அவர்களின் அடுத்த நிலையான கார்ன் ஃபெர்ரி டூரில் வின்ஸ் இந்தியா, ஜேக் ஸ்டையானோ என்ற இரண்டு வீரர்கள் பந்தயம் கட்டியது தெரிந்தது, அதுவும் தாங்கள் ஆடாத போட்டிகளில். ஒருவருக்கு ஆறு மாதம், இன்னொருவருக்கு மூன்று மாதம் தடை. என்ன தப்பு, எத்தனை நாள் தண்டனை, எப்போது திரும்பி வரலாம் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் பையனுக்கு "நாளையிலிருந்து வராதே" என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிட்டது. அது மூன்று மாதமா, ஆயுள் முழுக்கவா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எங்களுக்கு வேலை நியமனக் கடிதம் கிடையாது, பிஎஃப் கிடையாது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று கூலி, மழை வந்தால் அதுவும் இல்லை. அதனால்தான் எங்களை வெளியே அனுப்ப ஒரு சொல் போதுமாக இருக்கிறது. கைபேசியையும் சேர்த்துத் தடை செய்கிறீர்கள். ஆட வருகிறவர் முந்தின இரவு அதில்தான் எங்களைக் கூப்பிடுகிறார், கூலியும் இப்போது அதில்தான் வருகிறது. கூட்டத்தைத் தடுக்கக் கட்டும் கயிற்றுக்கு உள்ளே கைபேசி கூடாது என்றால் சரி, ஆனால் மெம்பர்களும் விருந்தினர்களும் அங்கே நின்று கைபேசியில் பேசுவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

இந்த மாதிரி ஷெட்களில் இருந்துதான் அலி ஷேர் மாதிரி ஆட்கள் வந்தார்கள். டெல்லியில் பேக் தூக்கியவர், 1991-ல் இந்தியன் ஓப்பனை ஜெயித்தார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா அதே பட்டத்தை 2009-ல் எடுத்தார். கல்கத்தாவில் புல்தரை பார்த்துக்கொண்டவரின் மகன் சௌரசியா 2008-ல் இந்தியன் மாஸ்டர்ஸ் ஜெயித்தார். என் அக்கா மகனும் திங்கட்கிழமை கேடிகளுக்கு மைதானம் திறக்கும்போது ஒரு பழைய 7 அயர்னை வைத்து ஆடுவான். அவன் பெரிய வீரனாகியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமையும் அவனுக்குப் போய்விட்டது.

நான் கேட்பது இவைதான்.

முதலில், கதவில் இருக்கும் தாளை எடுத்துவிட்டு ஒரே விதியை எழுதுங்கள். போட்டி நடக்கும் மைதானத்தில் வீரர், கேடி, மெம்பர், கமிட்டி, ஊழியர், தொண்டர் யாராக இருந்தாலும் அந்தப் போட்டியில் பந்தயம் கட்டக் கூடாது, உள்தகவல் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. கேட்பதும் குற்றம் என்பது அதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். தமிழிலும் எழுதி, கேடி ஷெட்டில் ஒட்டுகிற அதே நாளில் மெம்பர்களின் மாடியிலும் ஒட்டுங்கள். தொழில்முறைப் போட்டிகளை ஒட்டி நடக்கும் கல்கத்தா ஏலத்தை இந்த வருடத்தோடு நிறுத்துங்கள். போட்டி நடத்தும் அமைப்பினர், ஏலம் நடத்தும் கிளப்புக்குப் போட்டி தருவதில்லை என்று முடிவெடுத்தால் அது தானாக நிற்கும்.

அப்புறம், யார் மேல் புகார் வந்தாலும் விசாரணைக்குப் பிறகே நடவடிக்கை. விசாரிக்கிறவர்களில் ஒரு மூத்த கேடியும் இருக்கட்டும். தண்டனை எவ்வளவு நாள் என்று எழுத்தில் கொடுங்கள். பந்தயக்காரன் ஒருவன் வந்து பேசினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவர் பெயரையும் எண்ணையும் அறிவியுங்கள், சொன்னவன் வேலை போகாது என்று உறுதி கொடுங்கள். இன்று அப்படிச் சொல்ல ஆள் இல்லாததால்தான் எங்களில் பலர் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். கைபேசிக்கு ஷெட்டில் பூட்டு வைத்த அலமாரி கொடுங்கள், கயிற்றுக்குள் தடை என்றால் எல்லோருக்கும் தடை. ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் அரை மணி நேரம், இந்தப் பந்தயக் கடன் எப்படி ஆளை விழுங்குகிறது என்று கேடிகளுக்குத் தமிழில் சொல்ல ஒருவரை வரவையுங்கள்.

கடைசியாக, என் அக்கா மகனைக் கூப்பிட்டு விசாரியுங்கள். தண்டனை கொடுங்கள், ஏற்றுக்கொள்வான். எத்தனை மாதம் என்று சொல்லுங்கள். என்னையும் விசாரியுங்கள், அந்த 500 ரூபாய்க்கு நானும் பதில் சொல்கிறேன். யார் கேட்டு நான் சொன்னேன் என்பதையும் அந்த அறையிலேயே சொல்கிறேன்.

அந்த டீக்கடை ஆளின் எண், அவன் அனுப்பிய குரல் பதிவுகள், 3,000 ரூபாய் வந்த விவரம், ஐடி அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாம் பையனின் கைபேசியில் அழிக்காமல் இருக்கிறது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுக்க அவன் தயார், கிளப்பும் சேர்ந்து கொடுத்தால்தான் காவல் துறை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும். இன்று வரை அந்தக் கைபேசியைக் காட்டு என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த போட்டியின் பயிற்சிச் சுற்று தொடங்குவதற்கு முன்னால் கேளுங்கள். தினமும் காலை ஐந்தரைக்கு நான் ஷெட்டில் இருப்பேன். சொல்லி அனுப்பினால் அவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
இருபத்திரண்டு வருடமாகப் பேக் தூக்கும் ஒரு கேடி
சென்னை